ராசுவும் ஜடேஜாவும்

2025 நவம்பர் 15ஆம் தேதி, சனிக்கிழமை. என் மகள் வயிற்றுப் பேரன் திருச்செங்கோட்டில் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு ராசிபுரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். காலையில் தட்டில் வைத்த இட்லி ஆறிக் கிடக்கிறது, பையன் செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என்னாச்சு கண்ணு?" என்றேன்.

"ஜடேஜாவக் குடுத்துட்டாங்க அப்புச்சி."

சமையலறையில் இருந்த என் வீட்டம்மா, "யாரு கண்ணு அது, உங்க காலேஜ் பொண்ணா? எந்த ஊர்ல குடுத்திருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள். எனக்குச் சிரிப்பு. பையனுக்குச் சிரிப்பு வரவில்லை. "பன்னெண்டு சீசன் ஆடுனவர அப்புச்சி. மாடு மாதிரி மாத்திப்புட்டாங்க" என்றான்.

மாடு மாதிரி என்று அவன் சொன்னது ஒரு பேச்சுக்குத்தான். அவன் மாட்டுச் சந்தையைக் கண்டதில்லை. ஆனால் அந்தச் சொல் என்னை 1969க்குக் கொண்டுபோய் விட்டது. இரண்டு மாதமாக மனதில் கிடந்ததை இன்று மாட்டுப் பொங்கலும் அதுவுமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் கிரிக்கெட் பார்க்காத நண்பர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. ஜடேஜாவுக்கு அப்போது 37 நிறைய மூன்று வாரம் பாக்கி. சாம்சனுக்கு 31 முடிந்து நாலு நாள். கரனுக்கு 27. சென்னையில் ஜடேஜாவின் சம்பளம் 18 கோடி. ராஜஸ்தானில் 14 கோடி. சாம்சனுக்கு அங்கேயும் 18, இங்கேயும் 18. கரனுக்கு 2.40 கோடி.

நான் 33 வருடம் கூட்டுறவுத் தணிக்கையில் இருந்தவன். எண்ணைக் கண்டால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. சென்னை இறக்கிவைத்த சம்பளம் 20.40 கோடி, ஏற்றிக்கொண்டது 18, மிச்சம் 2.40. ராஜஸ்தான் இறக்கியது 18, ஏற்றியது 16.40, மிச்சம் 1.60. இரண்டு பக்கமும் மிச்சமாகிற மாற்று ஊரில் உண்டா? இரண்டு மிச்சத்தையும் கூட்டினால் சரியாக 4 கோடி. அது ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்த 4 கோடி. கணக்கு எங்கே நேராகிறது என்று பார்த்தால், மாறிப்போன ஆளின் கூலியில் நேராகிறது. சந்தையில் மாடு வாயைத் திறக்காது. இங்கே ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது. அந்த அளவுக்கு வித்தியாசம் உண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

எங்கள் ஊர் புதன்சந்தைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். அய்யனுக்கு நாலு ஏக்கர், ஒரு கிணறு. கரண்டு மோட்டார் வராத காலம், கவலை இறைப்புதான். பார்த்தவர்களுக்குத் தெரியும், எருதுகள் சரிவில் இறங்கும்போது பறி மேலே வரும். மறுபடி பறியைக் கிணற்றுக்குள் விட எருதுகள் பின்னுக்கு நடந்தே மேடேற வேண்டும். இறங்குவதைவிட அந்தப் பின்னடைதான் எருதைக் கொல்லும் வேலை.

எங்களிடம் இருந்த ஜோடியில் இடத்து மாட்டின் பெயர் ராசு. மயிலைக் காளை. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்தது. நான் தவழ்ந்து காலடியில் போனபோது தூக்கிய காலைக் கீழே வைக்காமல் நின்றதாக அம்மா சொல்வாள். 1969 சித்திரையில், எனக்கு 13 வயது, ஒரு நாள் விடியலில் அய்யன் ராசுவைச் சந்தைக்கு ஓட்டிப்போனார். திரும்பி வரும்போது கயிற்றில் ஒரு செவலைக் கன்று இருந்தது. நாலு பல். கொம்பு சீவி, திமில் நிமிர்ந்து, பார்க்க ராசா மாதிரி இருந்தது. மாட்டுக்கு மாடு கொடுத்து, மேலே 150 ரூபாய் ரொக்கம். அந்த 150க்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போயிருந்தது.

அம்மா நாலு நாள் அய்யனோடு பேசவில்லை. நானும் பேசவில்லை என்று வையுங்கள், என் பேச்சை யார் எதிர்பார்த்தார்கள்.

ஐப்பசி மழையில் அந்தச் செவலைக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. ஒரே ராத்திரி. காலையில் தொழுவத்தில் கிடந்தது. ராசுவும் இல்லை, செவலையும் இல்லை, தோடும் இல்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு யார் எந்தத் தப்புக் கணக்குப் போட்டாலும், "ராசுவ மாத்துன மாதிரி" என்பது பழமொழி ஆகிவிட்டது.

இதில் என் பங்கும் இருக்கிறது. 1983இல் நான் வேலைக்குப் போய், நாலு எழுத்து தெரிந்தவன் என்று பெயர் எடுத்திருந்த நேரம். அய்யன் மேட்டில் இருந்த இரண்டு ஏக்கர் மானாவாரியைக் கொடுத்து, ஓடையோரம் ஒன்றரை ஏக்கரை மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சை எடுத்தார். திண்ணையில் பங்காளிகள், மாமன்மார் எல்லோரும் இருந்தார்கள். நான், "இதும் ராசுவ மாத்துன மாதிரி ஆயிரும்ங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அய்யன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எந்த வாங்கல் விற்றலிலும் அவர் வாயைத் திறக்கவில்லை. "படிச்சவன் இருக்கான், அவனக் கேளுங்க" என்றுவிடுவார். அந்த நிலமாற்று நடக்கவில்லை. நடந்திருந்தால் லாபமா நட்டமா என்று இனி யாருக்கும் தெரியாது.

1991இல் அய்யன் போனார். கருமாதிக்கு வந்திருந்தவர்களில் ஒரு வயதான மாட்டுத் தரகர். சாப்பிட்டுக் கை கழுவியபின் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்கய்யன் ராசுவ மாத்துனாரே, அன்னிக்குத் துண்டுக்குள்ள கை போட்டது நான்தான் தம்பி. மூணு சந்தை வந்து வெறுங்கையோட திரும்புனாரு. மாட்டுக்குப் பின்னங்காலு போயிருச்சு, இன்னொரு கோடைக்குக் கவலை இழுக்காதுன்னு அவருக்குத் தெரியும். அடிமாட்டுக்காரன் இருவது ரூவா சேத்திக் குடுக்கறேன்னான். மாட்டேன்னுட்டு, பாரம் கொறஞ்ச வண்டிக்குன்னு கேட்டவருகிட்டத்தான் குடுத்தாரு. அந்தச் செவலைய நானும் பல்லப் புடிச்சுப் பாத்தேன், சுழி பாத்தேன், நடக்க விட்டுப் பாத்தேன். ஒரு சொட்டை இல்ல. நோவு வந்தா அவரு என்ன பண்ணுவாரு?" என்றார்.

இருபத்திரண்டு வருடம் ஒருவரைத் தவறாகத் தணிக்கை செய்திருக்கிறேன். திருத்திச் சொல்ல ஆள் இல்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு மேலதிகாரி இருந்தார். மழை பொய்த்த ஒரு வருடத்தில் ஒரு சங்கத்தின் நிலக்கடலைக் கடன்கள் பாக்கி நின்றதற்கு, செயலாளரைக் குறை சொல்லி நீளமாகக் குறிப்பு எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டுச் சொன்னது இது: "வசூல் ஆகாத கடனெல்லாம் தப்பான கடன் இல்லப்பா. வசூலான கடனெல்லாம் சரியான கடனும் இல்ல. குடுத்த அன்னிக்குக் காகிதத்துல என்ன இருந்துச்சுன்னு பாரு." சங்கத்துச் செயலாளருக்கு அந்த நியாயத்தைக் கொடுத்தேன். பெற்ற அய்யனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

ஆகவே சென்னை அணியின் தலைமைச் செயல் அலுவலர் காசி விஸ்வநாதனையும், அவரோடு முடிவெடுக்கும் பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங், தோனி முதலியவர்களையும் என் பேரன் திட்டியபோது, "இரு கண்ணு, பேரேட்டைப் பார்த்துத் திட்டலாம்" என்றேன். இருவரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் வரவு, செலவு எழுதினோம்.

வரவுப் பக்கம் முதல் வரி 2008 பிப்ரவரி 20. முதல் ஏலம். ஒவ்வொரு அணிக்கும் கையிருப்பு 50 லட்சம் டாலர். மும்பைக்குச் சச்சின், கொல்கத்தாவுக்குக் கங்குலி என்று ஐந்து அணிகளுக்கு ஊர் நாயகர்கள் இருந்தார்கள். அந்த நாயகருக்கு, அணியில் அதிகம் வாங்குகிறவரைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கவேண்டும் என்பது விதி. சென்னைக்கு நாயகர் கிடையாது. குறை என்று நினைத்ததே வசதி ஆயிற்று. தோனிக்கு 15 லட்சம் டாலர் வரை போக முடிந்தது. அதே விலைக்கு மும்பை எடுத்திருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் வைக்கவேண்டும். இருவருக்கே கையிருப்பில் அறுபது சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். அன்றைக்கு அணியின் தேர்வுப் பொறுப்பில் இருந்தவர் மறைந்த வி.பி. சந்திரசேகர். காகிதம் சரி, விளைவும் சரி. இதைப் போல ஒரு வரவு எந்தப் பேரேட்டிலும் அபூர்வம்.

அடுத்து 2018. இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பிய அணி, வயதானவர்களாகப் பொறுக்கியது என்று கேலி பேசினார்கள். ராயுடு 2.20 கோடி, வாட்சன் 4 கோடி. ராயுடு அந்த வருடம் 602 ஓட்டம் எடுத்தார். இறுதி ஆட்டத்தில் வாட்சன் ஆட்டமிழக்காமல் 117. கோப்பை வந்தது. 2021இல் ராஜஸ்தானிடமிருந்தே ராபின் உத்தப்பாவை மாற்று முறையில் வாங்கினார்கள். கடைசிக் கட்டம் வரை உட்கார வைத்து, முக்கியமான ஆட்டத்தில் இறக்கினார்கள். டெல்லிக்கு எதிராக 63 அடித்தார். அந்த வருடமும் கோப்பை. 2023இல் ரகானே 50 லட்சம். யாரும் வேண்டாம் என்று நின்ற மாடு, வண்டியை முன்னால் இழுத்தது.

செலவுப் பக்கமும் சின்னது அல்ல. 2021இல் கிருஷ்ணப்பா கௌதம் 9.25 கோடி, ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2023இல் பென் ஸ்டோக்ஸ் 16.25 கோடி, இரண்டே ஆட்டம். 2022இல் தீபக் சாஹர் 14 கோடி; காயம்பட்டு அந்தப் பருவம் முழுக்க வெளியே. பேரன் மூன்றையும் ஒரே வரியில் அடைத்தான். நான் பிரிக்கச் சொன்னேன். சாஹருடையது செவலைக்கு வந்த நோவு. ஏலத்தன்று பல்லும் சரி, சுழியும் சரி. கௌதம் அப்படியல்ல, எங்கே ஆடவைப்பது என்று யோசிக்காமல் கொடுத்த விலை. அதுதான் தணிக்கையில் சிவப்பு மையால் குறிக்கவேண்டியது.

இன்னொரு சிவப்பு வரியும் உண்டு. கொல்லையில் விளைந்ததை விட்டது. சாய் சுதர்சனை 2022இல் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. அந்தத் தம்பி 2023 இறுதி ஆட்டத்தில் சென்னைக்கு எதிராகவே 47 பந்தில் 96 அடித்தார். 2025இல் 759 ஓட்டத்தோடு மற்ற எல்லோரையும் முந்தினார்.

விலைக்கும் பெறுமதிக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. சின்னப்பம்பட்டி நடராஜன். 2017இல் அடிப்படை விலை 10 லட்சம், பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. சேலமே கொண்டாடியது. அடுத்த வருடம் ஐதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு பருவம் ஒரு பந்துகூடப் போடவிடாமல் வைத்திருந்தது. 2020இல் இறக்கினார்கள், 16 விக்கெட். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். 2025க்கு டெல்லி 10.75 கோடி கொடுத்தது. ஆடவைத்தது இரண்டு ஆட்டம். ஆள் ஒருவர்தான், கையும் அதே இடது கைதான். 40 லட்சம் கொடுத்துப் பொறுத்திருந்தவனுக்கு விளைந்தது, 10.75 கோடி கொடுத்தவனுக்கு அந்த வருடம் விளையவில்லை.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது அங்கே நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம். 1919 டிசம்பரில் பாஸ்டன் அணி, பேப் ரூத் என்ற 24 வயதுக்காரரை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. 1918இல் பட்டம் வென்ற பாஸ்டனுக்கு அடுத்த பட்டம் 2004இல்தான். அந்த 86 வருட இடைவெளியைச் சாபம் என்றே பேசினார்கள். இதற்கு நேர்மாறாக, பிராஞ்ச் ரிக்கி என்ற நிர்வாகி, ஆட்டக்காரரை ஒரு வருடம் பிந்தி அனுப்புவதைவிட ஒரு வருடம் முந்தி அனுப்புவதே மேல் என்ற கொள்கைக்காரர் என்று சொல்வார்கள். ரூத்தை விற்றது விலைபோகாத பிழை, ஏனென்றால் கொடுத்தது இரண்டு பல் கன்று. ரிக்கி பேசியது எட்டுப் பல்லும் சேர்ந்து தேயத் தொடங்கிய மாட்டைப் பற்றி. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

சென்னையின் வழக்கம் ரிக்கியின் கொள்கைக்கு எதிர். வைத்துக்கொள்வார்கள், கடைசிவரை வைத்துக்கொள்வார்கள். அந்த விசுவாசம்தான் ஐந்து கோப்பை தந்தது. 2010, 2011, 2018, 2021, 2023. அதே விசுவாசம்தான் 2025இல் 14 ஆட்டத்தில் நாலே வெற்றியோடு பத்தாவது இடத்தில், முதல் முறையாகக் கடைசியில், கொண்டுபோய் நிறுத்தியது. மேட்டில் பின்னுக்கு ஏற முடியாத ஜோடியைப் பூட்டிக்கொண்டு, கிணற்றைக் குறை சொல்லி என்ன பயன்?

"அதுக்கு ஜடேஜாவா அப்புச்சி? கடைசி ரெண்டு பந்துல பத்து வேணும், ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். அத மறந்துட்டாங்களா?" என்றான் பேரன். 2023 இறுதி ஆட்டம். மழையால் நள்ளிரவு தாண்டி முடிந்தது. எனக்கும் மறக்கவில்லை. தோனி அவரைத் தூக்கிக்கொண்டதைப் பார்த்து, இந்த வயதில் எனக்குக் கண் கலங்கியது.

மறந்து செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அணியின் வரலாற்றிலேயே மிகக் கடினமான முடிவுகளில் ஒன்று என்று அவர்களே சொன்னார்கள்; ஆட்டக்காரர்களின் ஒப்புதலோடு செய்ததாகவும் சொன்னார்கள். அய்யன் வெறுங்கையோடு திரும்பிய மூன்று சந்தை எனக்கு நினைவு வந்தது. கொடுத்தவனுக்கு வலிக்கவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவன் எப்படிச் சொல்வது?

அன்றைய காகிதத்தில் இருந்தது இதுதான். தோனிக்கு 44 வயது. அவருக்குப் பிறகு விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க, முன்வரிசையில் அடிக்க, தேவைப்பட்டால் தலைமை தாங்க ஓர் ஆள் வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தவர்கள் சந்தைக்கு வருவதே அபூர்வம். சாம்சன் 2021 முதல் ராஜஸ்தானுக்குத் தலைமை தாங்கியவர். சென்ற பருவத்தில் காயத்தால் சில ஆட்டங்கள் விட்டவர் என்பதும் காகிதத்தில் இருந்தது. ஆறு வயது இளையவரை வாங்க, ஜடேஜாவோடு 27 வயதுக் கரனையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பிறகு டிசம்பர் 16 ஏலத்தில் ஜடேஜா விட்ட இடத்துக்குப் பிரசாந்த் வீர் என்ற 20 வயதுப் பையன், இன்னும் இந்தியாவுக்கு ஆடாதவர், 14.20 கோடி. கார்த்திக் சர்மா, 19 வயது, அவருக்கும் 14.20 கோடி. அடிப்படை விலை ஆளுக்கு 30 லட்சம். இரண்டு பல் கன்றுகளுக்கு இந்த விலையா என்று சந்தையே திரும்பிப் பார்த்தது.

எங்கள் நோட்டில் நான் எழுதியது: சாம்சன் மாற்று நியாயமானது, காலத்தில் செய்தது. மேல்பணமாகக் கரன் போனது அதிகம். இரண்டு கன்றுகளின் விலை அதைவிட அதிகம். ஆனால் இத்தனை வருடம் வயதானவர்களையே நம்பிய அணி கன்று வாங்கத் துணிந்தது, திசையைப் பொறுத்தவரை சரி. மொத்தத்தில் காசி விஸ்வநாதன் தரப்புக்கு நூற்றுக்கு அறுபத்தைந்து. பேரன் எழுதியது: நாற்பது. கீழே இருவரும் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டோம்.

நாங்கள் கையெழுத்துப் போட்டபோது பருவம் இன்னும் தொடங்கவில்லை. தொடங்கும் முன் எழுதவேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். சாம்சன் முதல் ஆட்டத்தில் காயப்பட்டால் ஊரே இதைத் தப்பு என்று சொல்லும். முதல் ஆட்டத்தில் நூறு அடித்தால் அதே ஊர் இவர்களை மேதை என்று சொல்லும். இரண்டுமே தணிக்கை ஆகாது. மூன்று பருவம் கழித்து, 2028 முடிந்த பிறகு, இந்த நோட்டைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று பேசியிருக்கிறோம். அப்போது எனக்கு 72. நான் இல்லாவிட்டாலும் அவன் பிரிப்பான். அப்புச்சி சொன்னது பலிக்கவில்லை என்றால் அப்படியே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதிவிட்டு எழுதச் சொல்லியிருக்கிறேன்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில், பேரன் ஊருக்குப் போன பிறகு, நான் தனியாக ஒரு வரி எழுதினேன். 1969 சித்திரை. ராசுவைக் கொடுத்துச் செவலை, மேலே ரூபாய் 150. காகிதம் சரி. தணிக்கைக் குறிப்பு ரத்து.

எங்கள் வீட்டில் இப்போது மாடு கிடையாது. மாட்டுப் பொங்கலுக்குப் பக்கத்து வீட்டுப் பசுவுக்கு என் வீட்டம்மா மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டு வந்தாள். சர்க்கரைப் பொங்கல் ஆறுகிறது, கூப்பிடுகிறாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழமொழி ஆகிப்போன மாற்று இருந்தால், செய்தவர் உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.